சொந்த ஊர்ச் சட்டை

ரெபேக்கா மறுபடி தண்ணீரை மாற்றினாள். எவ்வளவு கசக்கியும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பக்கம் ரத்தம் விடுவதாயில்லை. அடுப்படி வாசலில் கொழுந்தன் கிறிஸ்டோபர் நீளக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் மாமியார் அமலி அழுகிற அழுகையையும் தாண்டி அந்தக் கரகரப்பு கேட்டது.

கூடத்தில், திறந்த பெட்டிக்குள், தலையில் கட்டோடு கிடந்தான் நெல்சன். நேற்றுக் காலை சிரித்துக்கொண்டே ஆட்டத்துக்குப் போன புருஷன்.

பர்மாவில் ஷ்வேப்யிதா பேட்டைத் தையல் தொழிற்சாலையில் தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. ஜப்பானுக்குப் போகிற பேஸ்பால் சட்டைகள், அதுவும் அந்தக் காலத்து அமெரிக்கக் குழுக்களின் மாதிரியில் தைத்தவை. மட்டையைக் கையால் தொடாத மனுஷனுக்கு அந்தச் சட்டைகளின் பூர்வீகமெல்லாம் அத்துப்படி. முதன்முதலில் சம்பளத்துக்கு ஆடிய குழுவுக்குப் பேர் வந்ததே சிவப்புக் காலுறையால்தான் என்பான். சொந்த ஊரில் ஆடுகிறவர்களுக்கு வெள்ளை. வெளியூர் போனவர்களுக்குத் துவைக்க வசதி ஏது, அதனால் அழுக்குத் தெரியாத சாம்பல் நிறம் என்பான். பேசாமல் சாப்பிடுங்க என்று இவள் அதட்டுவாள்.

கழித்துப்போட்ட சட்டைகளை மாட்டிக்கொண்டு தையல் பகுதியும் வெட்டுப் பகுதியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும். நேற்றுச் சட்டை பிரித்துக் கொடுத்தவன் நெல்சன். தையலுக்கு வெள்ளை, வெட்டுக்குச் சாம்பல். தானும் ஒரு வெள்ளையை மாட்டிக்கொண்டான். எங்களுக்கு மட்டும் ஏன் இது என்று வெட்டுப் பகுதி கோ வின் கேட்டிருக்கிறான். வேறு யாராயிருந்தாலும் சும்மாதான் என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். நெல்சனுக்கு விளக்கம் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே. வெள்ளை ஊர்க்காரனுக்கு, சாம்பல் வந்துபோகிறவனுக்கு என்று பர்மியில் பளிச்சென்று சொல்லிவிட்டான்.

தாத்தா காலத்திலிருந்து இங்கே பிறந்து வளர்ந்தும் 'கலா', வந்தேறி என்றே பேர் வாங்குகிற ஒரு தமிழன், பர்மாக்காரனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? கலா, நீயா என்னை வந்துபோகிறவன் என்கிறாய் என்று கத்திக்கொண்டே கோ வின் மட்டையை வீசினான். விழுந்த பிறகும் வீசினான். கூட ஆடப் போயிருந்த கிறிஸ்டோபரை நாலு பேர் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

"அண்ணி, மண்ணு போட்டதும் நான் ஷ்வேப்யிதா போறேன்," என்றான் கிறிஸ்டோபர்.

அம்மாவைச் சொல்லிப் பார்த்தாள், மாதாவைச் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையையே தூக்கவில்லை. இவனும் போனால் அமலிக்குப் பிள்ளையே இல்லை.

அப்போதுதான் தொழிற்சாலை ஸ்டோர்காரர் அமீர் அலி படியேறி வந்தார். நேற்றைய ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். கையில் ஒரு பொட்டலம். முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

"தங்கச்சி, மொதலாளி குடுத்தனுப்புனாரு. புதுச் சட்டை. இதப் போட்டு எடுங்க. தடுக்கி விழுந்தாருன்னு சொல்லிட்டா ஒங்களுக்கும் நல்லது, தம்பி வேலையும் போகாது."

பிரித்தாள். சாம்பல் நிறம்.

கரகரப்பு நின்றது. கிறிஸ்டோபர் கத்தியோடு எழுந்து வருவது தெரிந்தது. ரெபேக்கா முந்திக்கொண்டாள். தொட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து அமீர் அலியின் முகத்தில் ஓங்கி அடித்தாள். ஈரத்துணி சாட்டையாய் விழுந்தது. இன்னொரு முறை அடித்தாள். ரத்தத் தண்ணீர் அவர் தாடியில் வழிந்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"நீங்கதான பாய் பக்கத்துல நின்னீங்க. தடுக்கியா விழுந்தாரு?"

அவர் தாடியைத் துடைத்துக் கையைப் பார்த்தார். அப்புறம் கிறிஸ்டோபரைப் பார்த்தார்.

"இல்லம்மா. கோ வின் அடிச்சான். விழுந்தப்பறமும் அடிச்சான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

கிறிஸ்டோபர் நின்ற இடத்திலேயே நின்றான். கத்தி மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

ரெபேக்கா சாம்பல் சட்டையை ஜன்னல் வழியே தெருவில் எறிந்தாள். வெள்ளையைப் பிழிந்து, கறையோடு, ஈரத்தோடு நெல்சனுக்கு மாட்டினாள். அமலி தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"பொத்தானப் போடு தம்பி. நான் சட்டையப் பிடிச்சுக்கறேன்."

அவன் குனிந்து ஒரு கையால் போட்டுப் பார்த்தான். ஈரத்தில் பொத்தான் நழுவியது. மறுபடியும் நழுவியது. கத்தியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தான்.

ரெபேக்கா கத்தியைக் காலால் பெட்டிக்கு அடியில் தள்ளினாள்.