கதையில் செத்துப்போனவள்

முத்தாத்தாள் செத்து நாற்பத்தோரு வருசம் ஆகிறது என்று ஒரு புத்தகம் சொல்கிறது. அவளோ கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தன் தோப்பில் தென்னமட்டை இழுத்துக்கொண்டு திரிகிறாள். ரெண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், பதறாமல் கேளுங்கள் கண்ணுகளா. அவளுக்கு ஒன்றும் ஆகாது.

எண்பத்து நாலில் அவளுக்கு இருபத்து நாலு வயசு. கட்டிக் கொடுத்த மூன்றாம் வருசமே புருசன் காய்ச்சலில் போய்விட்டான். சொந்தக்காரர்கள் முறைப்படி வெள்ளைச் சேலை எடுத்து வந்தார்கள். அப்பா ஆறுமுகசாமி அதை வாங்கி, மாட்டுத் தொட்டி துடைக்கப் போட்டுவிட்டு, மகளுக்குப் பச்சையில் சேலை வாங்கினார். அதோடும் நிற்கவில்லை. குமுளி மலைப் பக்கம் ஆனைக்கரையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த பொங்கியண்ணனுக்கு அவளைப் பேசி முடித்து, மாசமும் குறித்துவிட்டார். அப்போதே அப்படி ஒரு மனுசர் இருந்தார்.

அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர் யக்ஞநாராயணன். பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருக்காரர், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவர். ஒரு மத்தியானம், கிணற்றடி மோட்டார் ரூமில், முத்தாத்தாளின் கையைப் பிடித்தார். அவள் இரும்பு வாளியால் போட்டாள் ஒன்று. நெற்றி கிழிந்தது. படியில் விழுந்தேன் என்று அவர் ஊரிடம் சொன்னார். கல்யாணம் நெருங்குகிறதே என்று இவளும் வாயைத் திறக்கவில்லை. மாசம் திரும்புவதற்குள் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்துப் பத்திரிகையில் வந்தது அவர் எழுதின கதை. அதில் ஓர் இளம் விதவை, வெள்ளைச் சேலை. குடியிருக்க வந்த நல்லவனின் கையை அவள்தான் பிடிக்கிறாள். அவன் "சகோதரி" என்று கையை உதறுகிறான். அவள் வெட்கம் தாங்காமல் கிணற்றில் குதிக்கிறாள். பேரை மாற்றியவர், இடது கையில் ஆறு விரல் என்பதை மட்டும் அப்படியே விட்டிருந்தார். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆறு விரல்காரி முத்தாத்தாள் ஒருத்திதான்.

பத்திரிகை மலை ஏறிக் குமுளிக்கும் போனது, ஆனைக்கரைக்கும் போனது. பொங்கியண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

"கதையில வந்த புள்ள எங்களுக்கு வேண்டாமுங்க."

அவ்வளவுதான். முத்தாத்தாளுக்குக் கிணத்துக்காரி என்று பேராயிற்று. அடுத்த வருசம் ஆறுமுகசாமியும் போனார். கடைசி வரைக்கும் அவர் மகளிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

போன வருசம் தம்பி மகள் தமிழ்ப்ரியா ஒரு புதுப் புத்தகத்தோடு வந்தாள். காலேஜில் தமிழ் நடத்துகிறவள். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அத்தே, இந்தக் கதையப் பாடமா வெச்சுட்டாங்க. நாந்தான் நடத்தோணும்."

"நடத்து. சம்பளம் வாங்கறயல்ல."

"கேள்வியக் கேளு அத்தே. 'இச்சிறுகதை அக்காலப் பண்பாட்டை எவ்வாறு பிரதிபலிக்கிறது?' பத்து மார்க்."

முத்தாத்தாள் புத்தகத்தை வாங்கிக் கிணற்றுப் பக்கத்தை மட்டும் ரெண்டு தரம் படித்தாள்.

"அந்தக் காலத்துல எங்கப்பன் எனக்கு ரெண்டாங் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாரு. பச்சச் சீல எடுத்துக் குடுத்தாரு. அதை எழுதுனா மார்க் போடுவாங்களா?"

"விடைக்குறிப்புல கிணறுதான் அத்தே இருக்குது."

"அப்ப நானே எழுதறேன். உன்ற காலேஜ் மார்க் எனக்கு வேண்டாம்."

எழுதினாள். ரெண்டு மாசம், நாற்பது பக்க நோட்டு ஒன்று. மோட்டார் ரூம், வாளி, கிழிந்த நெற்றி. பேரை மாற்றினாள். தெரு கல்பாத்தி, மாடி வாடகை, குமாஸ்தா உத்தியோகம் எதையும் மாற்றவில்லை. அவர் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தாள். தமிழ்ப்ரியா டைப் அடித்து ஓர் இணையப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அதன் ஆசிரியை மௌனிகா, சின்னப் பெண், போன் போட்டாள்.

"அம்மா, கதை ரொம்ப நல்லாருக்கு. முடிவு மட்டும் பத்தலை. வாளியோட நிக்குது. அவன் அவமானப்படணும்மா. இப்ப வாசகர்கள் அதைத்தான் எதிர்பார்க்கறாங்க."

"எப்படிப் படணுங்கற?"

"அது நீங்கதான் சொல்லணும்."

முத்தாத்தாள் யோசிக்கவே இல்லை. அந்த மனுசன் தோப்பு ஆட்கள் பார்க்க அவள் காலில் விழுந்து கும்பிட்டான் என்று ஒரு பக்கம் சேர்த்து அனுப்பினாள். அந்தப் பக்கம் ஒரே மூச்சில் வந்தது என்று என்னிடம் சொன்னாள். நம்பினேன்.

கதை வந்த ரெண்டாம் மாசம், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கார் தோப்பு கேட்டில் நின்றது. இறங்கினவர் யக்ஞநாராயணன், எழுபதை எட்டிக்கொண்டிருந்தவர். கூடவே அவர் சம்சாரம் சேஷம்மாள். தனியாக வந்தால் மறுபடி என்ன பேச்சு வருமோ என்று அவர்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்.

"என்னைத் தெரியறதா?"

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. உக்காருங்க. அம்மா, நீங்களும் உக்காருங்க."

காப்பி வந்தது. அவர் தொடவில்லை.

"தெருவில தலைகாட்ட முடியலை. எனக்கு ஒரு பாராட்டு விழா வெச்சிருந்தா, அதையும் நிறுத்தியாச்சு. கோவிலுக்குப் போனாக்க பசங்கள்லாம் வாளி மாமாங்கறா."

"ரெண்டு மாசமாத்தானுங்களே? என்னைய நாப்பத்தோரு வருசமாக் கூப்புடறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா. நான் மொதல்ல எழுதினப்போ அவள் கிணத்தில விழலை. அழுதுண்டு உள்ளே போவள், அவ்வளவுதான். பத்திரிகைக்காராளாக்கும் சாவு வேணும்னா. அந்தக் காலத்தில கதைன்னா அப்படித்தான்."

"எங்கிட்டயும் கேட்டாங்க. நானுஞ் சேத்துனேன்."

அவர் முகம் தெளிந்தது. பாவம், பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்தேளா, நீங்களே ஒத்துக்கறேள். கால்ல விழுந்தேன்னு எழுதியிருக்கேளே, அது முழுப் பொய். அதை மட்டும் எடுத்துடுங்கோ. மத்தது கெடக்கட்டும், நான் ஒண்ணும் பேசலை."

சேஷம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மத்ததுன்னா எது?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாமே பொய், அந்தப் பொம்மனாட்டிக்கு மூளை சரியில்லைன்னு சொன்னேள். நானும் நம்பி நம்மாத்துப் பொண்ணு கௌரிகிட்ட உங்களுக்காகச் சண்டை போட்டேன். இப்போ அது மட்டும் பொய்ங்கறேள்."

"சேஷு, நீ சும்மா இரு. ஆத்துக்குப் போய்ப் பேசிக்கலாம்."

சேஷம்மாள் அவரை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கோ. கையைப் பிடிச்சது?"

"நெசமுங்க."

"கால்ல விழுந்தது?"

"அது நாஞ் சேத்ததுங்க. அவரு அப்படி விழுகற ஆளில்லீங்க."

சேஷம்மாள் தோப்புப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் ரெண்டு ஆட்கள் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் புருசனிடம், உப்பு கேட்கிற குரலில் சொன்னாள்:

"அப்படின்னா இப்போ விழுங்கோ. கதையில பொய் இருக்க வேண்டாம்."

நம்ப மாட்டீர்கள், அவர் எழுந்தேவிட்டார். முட்டிக்கு ஒரு கை கொடுத்து, நாற்காலியைப் பிடித்து, குனியவும் ஆரம்பித்தார். தேங்காய் உரிக்கிற சத்தம் நின்றது.

முத்தாத்தாள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க, நில்லுங்க."

அவர் பாதி குனிந்தபடி நின்றார்.

"நீங்க விழுந்துட்டா நான் மன்னிச்சாகோணும். உங்க கதையால எங்கப்பன் என்னைய ஒரு வார்த்தை கேக்காமயே போய்ட்டாரு. என்னால மன்னிக்க முடியாதுங்க. நீங்க கதையிலயே விழுந்து கெடங்க."

சேஷம்மாள் முத்தாத்தாளின் இடது கையை ஒரு தரம் தொட்டுவிட்டு நடந்தாள். காரில் முன்னால், டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவர் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தார்.

கார் ரோட்டில் ஏறுகிறவரைக்கும் பார்த்துவிட்டு, முத்தாத்தாள் தமிழ்ப்ரியாவுக்கு போன் போட்டாள்.

"அந்த மௌனிகா புள்ள இன்னொரு கதை கேட்டுச்சல்ல கண்ணு? எழுதறேன்னு சொல்லு. இந்தவாட்டி முடிவை நாந்தான் வெப்பேன்னு சொல்லிப்போடு."