சாவியைத் தூக்கி எறிந்த மதியம்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிய அம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. பூட்டியிருந்தது. பக்கத்து ஆணியில் தொங்கும் சாவியையும் காணவில்லை.

"வாலு! சாவி எங்கேடி?"

வாலு அவளுடைய ஒரே மகள். பதின்மூன்று வயது. தவழ ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் ஒரு டப்பாவையும் மூடியோடு இருக்கவிட்டதில்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் தொற்றுநோய் பரவி, பள்ளிக்கூடத்தை மூடி, ஊரையும் அடைத்த பிறகு அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள். செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பாடத்துக்கு முன்னால் உட்காருவாள்; டீச்சர் கேள்வி கேட்டால் காதில் விழாதவள் போல இருப்பாள். தட்டில் போட்ட சாப்பாடு போட்டபடி கிடக்கும். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த அப்பாவை எந்தத் துறைமுகத்திலும் இறங்கவிடவில்லை. அவர் கடலிலிருந்தே வீடியோவில் பார்த்து, "என் பொண்ணு இவ்ளோ அமைதியாயிட்டாளா? அப்போ உலகம் அழியத்தான் போகுது" என்று சிரித்தார். வாலு சிரிக்கவில்லை.

இப்போது அவள் படுக்கையறை ஜன்னலோரம் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கை இறுக மூடியிருந்தது.

"விளையாடாதே, குடு. ரெண்டு பேர் லீவு. மெஷின் போட ஆளில்லாம அங்கே துணி மலையா குவிஞ்சு கிடக்கும்."

"நீ போகாதே."

"போகாம? பாவம், விரிப்பில்லாம வெறும் கட்டில்லயா படுப்பாங்க?"

"படுக்கட்டும். யாரு எப்படிப் படுத்தா எனக்கென்ன? நீ போகாதே."

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். அம்மா இரண்டையும் செய்து பார்த்தாள். கெஞ்சினாள், கொஞ்சினாள், அப்பாவிடம் சொல்லிவிடுவதாக மிரட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஓரடி முன்னால் வைத்தபோது, வாலு மூடிய கையை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நீட்டினாள்.

"கிட்ட வந்தே, போட்டுடுவேன்."

மூன்றாவது மாடி. கீழே கட்டடத்தின் பின்புறம். குப்பையும் உடைந்த நாற்காலிகளும் முழங்கால் உயரத்துக்குப் புதரும். ஒரு சாவி அங்கே விழுந்தால் விழுந்ததுதான்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். அவள் எடுத்து, "இதோ சார், கிளம்பிட்டேன்..." என்று திரும்பிய கணத்தில், கீழே தகரத்தில் எதுவோ பட்டுத் தெறிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். வாலுவின் கை விரிந்திருந்தது.

அம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள். ஆனால் அடி விழவில்லை. பிள்ளையின் முகம் சரியில்லை. உதடு வெளுத்திருந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள்.

"அம்மா... மூச்சு வரல."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ஊரில் மற்றவர்களுக்கு அந்த வார்த்தை சாதாரணமோ என்னவோ, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்கு அப்படியல்ல. மூச்சு வரவில்லை என்று நடந்து வந்தவர்களின் விரிப்பு, மறுநாள் செத்தவர்கள் துணி என்று தனி மூட்டையாகக் கட்டி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். நான்தான் நோயைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தாள். வாசலிலேயே உடை மாற்றி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளித்து, என்ன செய்து என்ன பயன்? கதவோ பூட்டிக் கிடக்கிறது. சாவியோ குப்பையில்.

பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார்! யாராவது வாங்களேன்! என் பொண்ணுக்கு மூச்சு முட்டுது!" என்று கத்தினாள்.

எதிர்வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரி வேலைக்காரி என்பதால், அவள் படியேறும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். 'இவளாலதான் இந்தக் கட்டடத்துக்கே வரப்போகுது' என்று அந்த அம்மாள் போனில் யாரிடமோ சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. அந்தக் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. இருந்தாலும் கத்தினாள்.

திறந்தது. கடைக்காரர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார். ஊருக்கே கண்ணாடி விற்பவர், தன் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் விழித்தார்.

"சாவி பின்பக்கம் குப்பையில விழுந்துடுச்சு சார். பூட்டு உடைக்கிறவரையாவது கூப்பிடுங்க. பிள்ளை போயிடும் சார்!"

அவர் ஒரு கணம் தயங்கினார். உள்ளே போனார். அவ்வளவுதான் என்று இவள் நினைத்தபோது, ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கருவியோடு திரும்பி வந்து கம்பிக்குள் கையை விட்டு நீட்டினார். "இதை மாட்டிப் பாரும்மா. நான் கீழே தேடுறேன்" என்று படியில் இறங்கி ஓடினார்.

அம்மா ஆஸ்பத்திரி உதவி எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் டாக்டர் பேசினார்.

"விரல்ல மாட்டினீங்களா? என்ன காட்டுது?"

"தொண்ணூத்தொம்பது."

"காய்ச்சல், இருமல்?"

"இல்லை டாக்டர். ஆனா மூச்சு இரைக்குது. விரலெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது!"

"சரி, பயப்படாதீங்க. பாப்பா, நான் பேசுறது கேக்குதா? இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

வாலு தலையாட்டினாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்திருக்காடி? எப்போ?"

"நீ... வேலைக்குப் போனப்பறம். தினமும்."

டாக்டர் சொன்னார். "அம்மா, பொண்ணோட நுரையீரல் நல்லா வேலை செய்யுது. இது பயத்துல வர்றது. பயம்னு சொன்னதும் நடிக்கிறான்னு நினைச்சிடாதீங்க. நெஜமாவே மூச்சு முட்டும், நெஜமாவே செத்துடுவோம்னு தோணும். பக்கத்துல உக்காருங்க. மூச்சை மெதுவா வெளியே விடச் சொல்லுங்க, ஊதி விடுற மாதிரி. நீங்களும் கூட விடுங்க."

இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து ஊதினார்கள். அம்மாவுக்குத்தான் முதலில் வரவில்லை. அவளுடைய மூச்சும் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல வாலுவின் விரல்கள் நிமிர்ந்தன. உதட்டில் நிறம் வந்தது. டாக்டர் போனை வைக்கவில்லை.

"எதுக்கும்மா இவ்ளோ பயம்? அம்மாகிட்ட சொல்லேன்."

வாலு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இஸ்திரி அக்கா செத்துட்டாங்க."

அம்மா சட்டென்று நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

இஸ்திரி அக்கா சலவைப் பிரிவில் பெட்டி போடும் மெஷினில் நின்றவள். இவளுடைய பத்து வருடச் சிநேகிதி. அவளுடைய மகளும் வாலுவும் ஒரே வகுப்பு. நோய் வந்து ஒரு வாரத்தில் அவள் போய்விட்டாள். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து, கண் சிவந்திருப்பதற்குச் சோப்புத் தூளைக் காரணம் காட்டினாள். வாலு கேட்டபோதெல்லாம், அக்காவுக்குக் காலை ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றே சொல்லிவந்தாள்.

"உனக்கு யாரு சொன்னது?"

"அக்கா பொண்ணுதான். போன் பண்ணி அழுதா. அன்னிக்கே தெரியும்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு..."

"நானும் அதுக்குத்தான் சொல்லல. உன் முன்னாடி அழக்கூடாதுன்னு இருந்தேன்." அவள் தலையைத் தூக்கினாள். "நீ சிரிச்சுக்கிட்டே ஷிப்ட் மாறிட்டாங்கன்னு சொன்னே பாரு. உனக்கு வந்தாலும் அப்படித்தானே சொல்லுவே? எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவும் இல்லை. நீ கதவைச் சாத்திட்டுப் போனதும், திரும்பி வரமாட்டேன்னே தோணுதும்மா."

எனக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவுக்கு வாய்வரை வந்தது. அதையும் நம்பமாட்டாள் என்று தெரிந்தபோது, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையை அழுதுதீர்த்தாள்.

"எனக்கும் பயம்தான்டி. அவ மெஷின் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியல. இனிமே எதுன்னாலும் சொல்லிடறேன். நல்லதோ கெட்டதோ. நீயும் சொல்லணும்."

சமையலறை ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. கடைக்காரர் முழங்கை வரை அழுக்கோடு நின்றிருந்தார். சாவியைக் கம்பிக்குள் வைத்துவிட்டு, "பிள்ளைக்கு?" என்றார்.

"தேவலாம் சார்."

அவர் தலையாட்டிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

மேற்பார்வையாளர் மறுபடி அழைத்தார். "இன்னைக்கு வரமுடியாது சார், பொண்ணுக்கு உடம்பு சரியில்லை" என்றாள். "அதுவா?" என்று அவர் பதறினார். "அது இல்லை. ஆனா உடம்பு சரியில்லைதான்" என்றாள். அவர் முணுமுணுத்தபடி வைத்தார்.

உதவி எண் டாக்டர், குழந்தைகளின் மனநலம் பார்க்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டார். அவர் வாராவாரம் போனில் பேசினார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டால் மறுநாள் தட்டை ஒதுக்குவாள். அம்மா படியிறங்கும்போது வாலுவுக்கு மூச்சு இரைக்கத்தான் செய்தது. ஆனால் இப்போது அதைச் சொன்னாள். அம்மாவும் வந்ததும் வராததுமாக, யார் படுத்தார்கள், யார் எழுந்து வீட்டுக்குப் போனார்கள் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

கொஞ்ச காலம் கழித்து, வேலையில் இருக்கும்போதே அம்மாவுக்குத் தொண்டை கரகரத்தது. உடம்பு கொதித்தது. பரிசோதனை செய்தார்கள். அதேதான்.

வீட்டுக்கு வெளியே, படிக்கட்டின் அடியில் நின்று போனை எடுத்தாள். ஓவர்டைம், நாலு நாள் இங்கேயே தங்கவேண்டியிருக்கு என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பிள்ளை இன்றைக்காவது நிம்மதியாக இருக்கும். எண்ணை அழுத்தினாள்.

"வாலு. எனக்கு வந்துடுச்சு. காய்ச்சல் இருக்கு, மூச்சு நல்லா இருக்கு. வீட்டுலயே தனியா இருக்கச் சொல்லிட்டாங்க. கீழேதான் நிக்கிறேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, வேகமாக, இன்னும் வேகமாக. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்கக் கூடாதோ? மேலே ஓடிவிடலாமா? பிறகு நீளமாக ஊதும் சத்தம் கேட்டது. மறுபடி ஊதும் சத்தம்.

"போனை வைக்காதே" என்றாள் வாலு. "நான் ரூமைக் காலி பண்ணிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பேசிக்கிட்டே இரு."

அம்மா படுக்கையறையில் அடைந்து கிடந்தாள். கடைக்காரரின் மனைவி வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு மணி அடித்துவிட்டுப் போனாள். காய்ச்சல் கூடிய ஒரு சாயங்காலம் வாலு உடைந்துபோனாள். அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் தேம்புவது அம்மாவுக்குக் கேட்டது. எழுந்து போய் அணைக்க முடியாமல் கதவில் கையை வைத்துக்கொண்டு தவித்தாள். அப்போது, "டாக்டர், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, கொஞ்சம் பேசுறீங்களா?" என்று மகளே போனில் கேட்பது காதில் விழுந்தது.

காய்ச்சல் இறங்கியது. அறைக் கதவு திறந்த அன்று, வாலு அம்மாவின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதிகம் பேசவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு அம்மாவை ஒட்டிப் படுத்தவள், மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. பாடத்துக்கு வரவில்லையே என்று டீச்சர் போன் செய்தார்.

"தூங்குறா டீச்சர்" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "ரொம்ப நாளைக்கப்பறம் தூங்குறா. எழுப்பலை."