வாய்ப்பகுதி மட்டும்

அவள் டவுன் பஸ் டிரைவர். டிப்போவில் அவளுக்குப் பெயர் 'பிரேக்'. யாராவது படியில் தொங்கினால் போதும், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பி முறைப்பாள்.

கருப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஆரம்ப நிலைதான். கட்டி சின்னது, பரவல," என்றார் டாக்டரம்மா. "கருப்பையை மொத்தமா எடுத்துடலாம். இல்லன்னா வாய்ப்பகுதியை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுவைக்கலாம். பின்னாடி குழந்தை உண்டாகலாம், ஆனா குறைமாசத்துல பிறக்கற பயம் இருக்கு. யோசிச்சு சொல்லுங்க."

வீட்டில் அவளை யார் யோசிக்க விட்டார்கள்? புருஷன் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக, "மொத்தமா எடுத்துடு. எனக்கு நீ இருந்தா போதும்," என்றான். அம்மா போனில் அழுதாள். "கல்யாணமான சூடுகூட ஆறல. அதுக்குள்ள கருப்பையை எடுக்கறதாவது!"

அவள் கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். பால்கனிக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

"நீங்களும் பேசிட்டீங்க, அம்மாவும் பேசிட்டா. என்னை யாராவது கேட்டீங்களா?"

"சரி, கேக்கறேன். உனக்குக் குழந்தை வேணுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான்! அது தெரியறதுக்குள்ள எதுக்கு எடுத்துப் போடணும்?"

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு, "பயமா இருக்குடி. விட்டுவெச்சு, அது திரும்ப வந்துட்டா?" என்றான்.

அதையே இருவரும் போய் டாக்டரம்மாவிடம் கேட்டார்கள்.

"கட்டி இந்த அளவுல இருந்தா, ரெண்டுலயும் திரும்ப வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ஆபரேஷன் நடக்கும்போதே வெட்டின விளிம்பை சோதிப்போம். அதுல நோய் இருந்தா கருப்பையையும் எடுக்க வேண்டிவரும். அதுக்கும் இப்பவே சம்மதம் சொல்லணும்."

"அப்போ கண்ணு முழிச்சாத்தான் எனக்கே தெரியுமா?"

"ஆமாம்மா."

அவள் எழுந்து ஜன்னல்வரை போனாள். "சரி. வாய்ப்பகுதி மட்டும்," என்றாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவள் கேட்குமுன் புருஷன் குனிந்தான்.

"கருப்பை இருக்கு. விளிம்பு சுத்தமா இருக்காம். கூடவே எடுத்துப் பாத்த நிணநீர் முடிச்சுலயும் ஒண்ணுமில்லையாம்."

"என் பேரப்பிள்ளை..." என்று கால்மாட்டிலிருந்து ஆரம்பித்தாள் அம்மா.

"அம்மா, சும்மா இரும்மா. இது என் வயிறு."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

உடம்பு தேறியதும் அவள் மறுபடி பஸ் ஓட்டப் போனாள். ஒவ்வொரு செக்கப்புக்கும் முன்னால் தூக்கம் கெடும். காரணமில்லாமல் புருஷன்மேல் எரிந்துவிழுவாள். குழந்தை பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, அவனும் கேட்பதில்லை. ஒருநாள் போனில் அம்மாதான் மெல்ல ஆரம்பித்தாள். "ஏண்டி, அந்த..." என்று இழுத்தவள், சட்டென்று, "சாப்பிட்டியா?" என்று மாற்றிக்கொண்டாள்.