பிடரியில் முளைத்த கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று ஐப்பசியில், தூத்துக்குடியில் எண்ணெய்க் கடை வைத்திருந்த காசிலிங்கத்தின் ஒன்பது வயது மகள் பகவதியின் பிடரியில், அவளைப் பெற்ற சுடலைமாடத்தியின் வலது கை எலும்பாக முளைத்தது. ஐந்து விரலும் அச்சாக இருந்தன. வளையல் தடம்கூடத் தப்பவில்லை. அந்த வாரம் உப்பு விலையும் ஏறியிருந்தது.

மழையில் படி வழுக்கி விழுந்த பிள்ளைக்குச் சுடலைமாடத்தி விளக்கெண்ணெயைச் சூடாக்கி உருவிவிட்டாள். எண்ணெய்க் கடைக்காரி வேறென்ன வைத்தியம் செய்வாள்? கழுத்து விறைக்க விறைக்க இன்னும் அழுத்தி உருவினாள், பாவி மகள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, பிறவியிலேயே வளைந்திருந்த பிள்ளையின் கால் பெருவிரல்களைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய், அடியோ அழுத்தமோ பட்ட சதை எலும்பாகிவிடும், அறுத்தால் இன்னும் வளரும் என்றார். தாடையில் பட்டால் வாய் பூட்டிக்கொள்ளுமாம். பிறகு கஞ்சிகூட இறங்காதாம்.

அன்று சுடலைமாடத்தியைப் பிடித்த பயம் அப்புறம் விடவே இல்லை. பிள்ளையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளி விரலை முத்தமிடுகிற ஊர் இது. பார்த்த கையெல்லாம் அவளுக்குப் பூட்டாகத் தெரிந்தது. பிள்ளையைத் தொடாதீர்கள் என்று தெருத் தெருவாகச் சொன்னாள். உருவினால் சரியாகாத எலும்பு உண்டா என்று சிரித்தார்கள்.

ஒருநாள் தெருக்குழாயடியில், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற இனிகோவின் மனைவி பிலோமினா ஆசையாகப் பகவதியின் கன்னத்துக்குக் கையை நீட்டினாள். சுடலைமாடத்தி பாய்ந்து அதைப் பிடித்தாள். பிலோமினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சுடலைமாடத்தி மகளின் சடையை ஒதுக்கி, தன் கையை அந்த எலும்புக் கையின்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

"எங்கைதான்க்கா. பாசமாத்தான் தடவுனேன்."

பிலோமினா நகத்தால் தட்டிப் பார்த்தாள். சங்கைத் தட்டியது மாதிரி கேட்டது. சிலுவை போட்டுக்கொண்டு நேரே மீன் மார்க்கெட்டுக்குப் போனவள், அங்கிருந்த அத்தனை பேரிடமும் சொல்லாமல் திரும்பவில்லை.

எழுபத்தெட்டுக்குள் ஊர் பழகிவிட்டது. பகவதி வந்தால் துறைமுகக் கூலிகள்கூட மூட்டையோடு ஒதுங்கி நிற்பார்கள். பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் கால் பெருவிரலைத்தான் பார்த்தார்கள். அப்படியும் பகவதியின் இடது தோள் தானாகவே பூட்டிக்கொண்டது. சுடலைமாடத்தி மகளைத் தொடவே பயந்து, தன் கைகளை முந்தானையில் சுற்றியே வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் பகவதி கடைப்படியில் வந்து உட்கார்ந்து, சடையை முன்னால் போட்டுக்கொண்டாள்.

"இங்கன வைம்மா. இங்கன இனி எலும்பாக ஒண்ணுமில்லல்லா."

சுடலைமாடத்தி முந்தானையைப் பிரித்துக் கையை வைத்தாள். அவள் கையில் விழுந்திருந்த புதுச் சுருக்கங்கள் அந்த எலும்பிலும் விழுந்திருந்தன. அதன்பின் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் காசிலிங்கத்திடம் அளந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.