முழங்காலளவு தண்ணீர்

சின்னத்தாய் அக்காவுக்குத் திங்கட்கிழமை நெஞ்சில் ஆபரேஷன். அதற்குள் ஞானஸ்நானம் எடுத்துவிட வேண்டும் என்றாள். எடுக்காமல் செத்துப்போனால் பரலோகத்தில் தனக்கு இடம் கிடைக்காது என்று பயந்தாள்.

அக்கா எங்கள் பள்ளியில் ஆயா. நான் அங்கே லேப் அசிஸ்டன்ட். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவள். ஆனால் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். சில வருஷங்களாக எங்கள் சர்ச்சுக்கு வருகிறாள். நெற்றியில் குங்குமத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

முதலில் எங்கள் போதகரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"மூணு மாசம் வகுப்பு இருக்கு. வீட்டுக்காரர் சம்மதமும் வேணும்" என்றார்.

"திங்கட்கிழமை ஆபரேஷன் ஐயா" என்றேன்.

"பயப்படாதீங்கம்மா. கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கின குற்றவாளிக்கு யார் ஞானஸ்நானம் குடுத்தா? அவன் பரலோகம் போகலையா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அது வேணாமாய்யா?"

"வேணாம்னு யார் சொன்னா? கட்டாயம் எடுக்கணும்."

"அப்ப இப்பவே குடுத்துருங்க."

"இப்ப முடியாதும்மா."

அவசியம் என்றால் எதற்குத் தாமதம், அவசியமில்லை என்றால் எதற்கு வகுப்பு? கேள்வி என் தொண்டை வரை வந்தது. பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். தோத்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"வேணுமாம், வேணாமாம், இப்ப இல்லையாம்" என்றாள் அக்கா. "ரேசன் கடைக்காரரே தேவல டீச்சர். சீனி இல்லைன்னா இல்லைம்பாரு."

அடுத்து சின்னச்சாமி பிரதர். பகலில் சைக்கிள் கடை, சாயங்காலம் ஓலைக் கொட்டகையில் ஜெபக்கூட்டம். அவருக்கு வகுப்பும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம்.

"விசுவாசிக்கிறீங்களா? அம்புட்டுத்தான். ஆனா முழுக்குதான் கணக்கு. உச்சந்தலை வரைக்கும் உள்ள போகணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்குக் கைக்குழந்தையில தெளிச்சாகள்ல? அது நனைஞ்சது டீச்சர், ஞானஸ்நானம் இல்ல. நீங்களும் கூட எறங்கிருங்க."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. வைகையில் மணல்தான் கிடந்தது. ஆகவே கோச்சடைக்கு மேற்கே ஒரு வாழைத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியைப் பிரதர் பேசி வைத்தார். சனிக்கிழமை காலை என்று முடிவானது. அக்காவின் வீட்டுக்காரர் மொக்கையன் அன்றைக்குத் திருமங்கலத்துக்கு லோடு ஏற்றப் போவார். "சர்ச்சுக்குப் போ, ஜெபம் பண்ணு. ஆனா முங்கிட்டு வந்தீன்னா வீட்டுப் படி ஏறாத" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அவர்கள் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த அவருடைய அக்கா, வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவமான வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்றிருந்தாளாம்.

நாங்கள் போனபோது தோட்டத்தில் கரண்ட் இல்லை. தொட்டியில் முழங்காலளவு தண்ணீர் கிடந்தது.

வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். கரண்ட் வரவில்லை. கடைசியில் பிரதர் அவளைத் தண்ணீரில் உட்காரச் சொன்னார். வசனத்தைச் சொல்லி, தோளைப் பிடித்து மல்லாக்கச் சாய்த்தார். முகம் தண்ணீருக்குள் போனதும் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"முழங்கால் ரெண்டும் வெளிய நின்னுருச்சு" என்றார் பிரதர். "செல்லாது."

"முழங்கால் இல்லாட்டியும் பரவாயில்ல பிரதர். மிச்சத்தையாச்சும் உள்ள விடுவாகளா?"

அவர் சிரிக்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டு வருவதாகச் சைக்கிளை எடுத்தார்.

அக்கா தொட்டிச் சுவரில் உட்கார்ந்தாள். புடவை ஒட்டிக் கிடந்தது. எனக்கு அவர்மேல் கோபம், போதகர்மேல் கோபம், அதைவிட வாயைத் திறக்காத என்மேல் கோபம்.

திடீரென்று மோட்டார் அறைக்குள் உறுமல் கேட்டது. குழாய் இருமி, கொஞ்சம் துருத் தண்ணீரைக் கக்கி, பிறகு முழு வீச்சில் கொட்டியது. அக்கா தொட்டிக்குள் இறங்கினாள். குழாய்க்குக் கீழே போய்த் தலையைக் கொடுத்தாள்.

"டீச்சர், வசனத்த நீங்க சொல்லுங்க" என்று கத்தினாள். "உசுருக்கு ஆபத்துன்னா யாரும் குடுக்கலாமாம். ஆஸ்பத்திரியில சிஸ்டரம்மா சொன்னாக."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அவள் தலையில் கை வைத்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று முழுவதையும் சொன்னேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொல்லிட்டியளா?"

தலையாட்டினேன்.

அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டிருக்கும்போது பிரதர் வந்துவிட்டார். "யாரு குடுத்தது?" என்றார். அக்கா என்னைக் காட்டினாள்.

"பொம்பளையா? அதுவும் டீச்சரே இன்னும் எடுக்கல. தன்கிட்ட இல்லாதத எப்படிக் குடுப்பாக? இப்பத் தண்ணி நெறையுது, இன்னொருக்கா எறங்குங்க."

ஊற்றுகிறவர் யார் என்று பார்த்து எந்த உப்பும் தண்ணீரில் கரைவதில்லை. அவரிடம் அதைச் சொல்ல நினைத்தேன். அக்காவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"என்னால ஆகாது பிரதர், போறேன்" என்றாள் அவள். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வழியெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். "செல்லுமா, செல்லாதா டீச்சர்?" தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லவும் முடியவில்லை.

தெருமுனை டீக்கடையில் மொக்கையன் உட்கார்ந்திருந்தார். லோடு இல்லையென்று திரும்பிவிட்டாராம். அக்கா அப்படியே நின்றாள். என் கை அவள் பிடியில் வலித்தது.

அவர் அவள் தலையைப் பார்த்தார்.

"சனிக்கிழமை பொம்பளைக்கு என்ன தலைக் குளியல்?"

அவர் பார்வை என் புடவை விளிம்பின் ஈரத்துக்கு வந்தது. அப்புறம் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.

"தொவட்டு. திங்கக்கெழமைய வச்சுக்கிட்டுக் காய்ச்சல இழுத்து விட்டுக்காத."

அக்கா துண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்க அக்கா..." என்றாள்.

"அவ கெடக்கா." அவர் என்னிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டீச்சர், படிச்சவுக நீங்க. இம்புட்டுப் போதுமா? இன்னும் எதுவும் செய்யணுமா? இவ ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருக்கா."

துண்டுக்குள்ளிருந்து அக்காவும் என்னைப் பார்த்தாள்.

"போதும்" என்றேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருந்தேன்.