ஹெஸ்டர் வீட்டு ஈரத்துணி

அந்த மார்ச் மாதம் பெத்னல் கிரீன் பேட்டையில், அம்மை கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வண்டி நுழையாத சந்தே இல்லை. எங்கள் சந்துக் கோடியில் இருந்த ஹெஸ்டர் ப்ரூவெட், நாலு வீட்டுத் துணி வெளுத்துப் பிழைத்தவள். புருஷன் இல்லை. ஒரே மகள், சிறுமி ரோடா.

ரோடாவின் முகத்தில் கொப்புளம் எழும்பியதும் ஹெஸ்டர் யாருக்கும் தெரியாமலிருக்க ஜன்னலில் சாக்கைக் கட்டினாள். அம்மை ஆஸ்பத்திரிக்குப் போன அவள் தங்கை திரும்பவே இல்லை. புதைத்த பிறகுதான் சேதி வந்தது. பக்கத்து வீட்டு டார்கஸிடம் மட்டும் ரோடாவின் விஷயத்தைச் சொன்னாள். வேலையை நிறுத்தினால் அடுப்பு எரியாது. வெளியே ஓயாத மழை. மகளின் கட்டிலுக்கு மேலேயே கயிறு கட்டித் துணி உலர்த்தினாள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் பென்ஃபோல்டு ஒருநாள் கதவைத் தட்டினார்.

"உள்ள யாரும்மா?"

"நானும் அழுக்குத் துணியும்தான் ஐயா."

உள்ளே ரோடா முனகினாள். அடுத்த வாசலில் நின்ற டார்கஸ் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"உனக்கு என்ன?"

"ராத்திரி தின்ன விலாங்கு மீனு ஐயா, உள்ள நீந்துது. இறங்கிப் புடிக்கிறீங்களா?"

சந்தே சிரித்தது. அவர் முகம் சிவந்து நகர்ந்தார்.

ஹெஸ்டர் உள்ளே ஓடினாள். ரோடா கயிற்றிலிருந்து ஒரு சின்னச் சட்டையை இழுத்து, எரியும் முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் குழந்தையின் ஞானஸ்நானச் சட்டை. மறுநாள் அதற்குப் போடவேண்டியது. கழுத்துப் பட்டியில் கொப்புள நீர். இதற்குமுன் கொடுத்தனுப்பிய துணிகளெல்லாம் ஹெஸ்டரின் கண்முன் வந்தன.

வெளியே பாய்ந்தாள். "ஐயா, நில்லுங்க! என் வீட்ல அம்மை இருக்கு."

"பைத்தியமாடி உனக்கு? கொன்னுடுவாங்கடி அவள!" டார்கஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ரொட்டிக்கடைப் புள்ளை பால்குடி, டார்கஸ். அது யாருக்கு என்ன பண்ணுச்சு?"

பென்ஃபோல்டு திட்டவில்லை. "எந்தெந்த வீட்டுக்குத் துணி போச்சு?" என்று மட்டும் கேட்டார். ஹெஸ்டர் ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். அந்த வீடுகளுக்கெல்லாம் அம்மை குத்த ஆள் போனது. ரோடாவை ஏற்றிப்போக வண்டி வந்தது. தாயை ஏறவிடவில்லை. பின்பலகையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசல்வரை மழையில் நடந்தாள்.

ரொட்டிக்கடைக் குழந்தை தப்பியது. ஹெஸ்டர் துணி வெளுத்த வேறொரு வீட்டின் வேலைக்காரப் பெண் அம்மையில் இறந்தாள். அந்தத் தெரு வழியே ஹெஸ்டர் பிறகு போனதில்லை. யாரும் அவளுக்குத் துணியும் தரவில்லை. டார்கஸோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள்.

கோடையில் ரோடா வந்தாள். முகம் முழுக்கத் தழும்பு, ஒரு கண்ணில் பார்வை இல்லை. ஹெஸ்டர் அந்தத் தழும்புகளைத் தடவிக்கொண்டே நின்றாள். டார்கஸ்தான் ரோடாவைத் தூக்கினாள்.

"அடி கழுதை, ஆஸ்பத்திரிச் சோத்துல என்னமா கனத்திருக்கே!"