செவ்வாயும் வெள்ளியும்

"செவ்வாக்கிழமையும் அதுவுமா எண்ணெய் தேச்சுக்கிட்டு பொம்பளைங்க கிணத்தடியில வந்து நிக்கியே, வெக்கமா இல்ல ஒனக்கு? ஏ..."

அதற்கு மேல் உலகம்மைக்கு வாய் ஓடவில்லை. 'ஏலே' என்பதா, 'ஏட்டி' என்பதா என்ற குழப்பத்தில் நாக்கு நடுவில் நின்றுவிட்டது. இருபது வருஷமாக அந்தக் கிணற்றடியில் சண்டை போடுகிறவள் தடுமாறி நின்றதை வளவு அன்றைக்குத்தான் பார்த்தது.

"எண்ணெய் கண்ணுல இறங்குதுக்கா. ரெண்டு வாளி ஊத்திட்டு வந்து நிக்கேன். பெறகு திட்டுங்க" என்றாள் வடிவம்மாள். ஒரு கையில் சீயக்காய்க் கிண்ணம். இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவா? யாருக்கு யாரு அக்கா? ராயகிரிக்காரன் வந்து கடையில சொல்லிட்டுப் போயிட்டான். சொரிமுத்துன்னு பேராம்லா! அப்பன் வச்ச பேரு!"

"அப்பா வச்சது அது. நான் வச்சது இது. அரிசி உலையில போட்டுட்டு வந்திருக்கேன், வாளிய விடுங்கக்கா."

"விட மாட்டேன்!"

தென்காசி ரயிலடிக்குப் போகிற தெருவில் இருந்தது அந்த வளவு. ஆறு வீடு, ஒரு கிணறு. காலை ஆறு மணி வரைக்கும் கிணறு ஆண்களுக்கு, அதற்கப்புறம் பெண்களுக்கு. புதனும் சனியும் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. இதில் யார் தப்பினாலும் உலகம்மைக்குத் தெரிந்துவிடும். அவள் வீட்டு அடுப்படி ஜன்னல் கிணற்றைப் பார்த்துத்தான் இருந்தது. ஜன்னல் அப்படி இருந்ததா, அவள் அந்த வீட்டைப் பார்த்துப் பிடித்தாளா என்பது வேறு கதை.

வடிவம்மாள் கடைசி வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. ஒரு தையல் மெஷின், ஒரு டிரங்குப் பெட்டி. ரவிக்கை தைக்கிறவள், தனி ஆள், வாடகை ஒண்ணாந்தேதி காலையில் வந்துவிடும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் உலகம்மையின் நிஜமான வயிற்றெரிச்சல். ஆறு மாசம் தனக்குத் தெரியாமல் ஒரு சங்கதி இந்த வளவுக்குள் இருந்திருக்கிறது! அதை வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து, தன் புருஷனின் பலசரக்குக் கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இந்த அவமானத்தை யாரால் தாங்க முடியும்?

சத்தம் கேட்டு முதல் வீட்டிலிருந்து வளவின் சொந்தக்காரர் நாறும்பூநாதன் துண்டை உதறிக்கொண்டு வந்தார். யாரையும் பகைத்துக்கொள்ளாத மனுஷர். அதனாலேயே எந்த முடிவையும் தள்ளிப்போடுவார்.

"இங்க பாரு தாயி," என்று பொதுவாக யாரையோ பார்த்துச் சொன்னார். "வளவுப் பொம்பளையள் எல்லாரும் சரின்னு சொன்னா இருக்கட்டும். ஒருத்தி மாட்டேன்னு சொன்னாலும் ஆவணி ஒண்ணாந்தேதி வீட்டைக் காலி பண்ணிரணும். ஆடியில எல்லாரும் குத்தாலம் போவோம்லா, போயிட்டு வந்து முடிவு சொல்லுங்க."

மற்ற வீட்டுப் பெண்கள் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எல்லார் ரவிக்கையும் வடிவம்மாளின் மெஷினில் பாதி தைத்தபடி கிடந்தது. ஆடிப்பெருக்குக்கு வேண்டும். சரி, பாவம், இருக்கட்டும் என்றார்கள். உலகம்மை மட்டும் மாட்டேன் என்றாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஐந்தாம் வீட்டு வாசலில் புத்தகத்தோடு நின்றவள் சுகிர்தம். தபால்காரர் ஏசுவடியானின் மகள், பத்தொன்பது வயசு. டீச்சர் டிரெயினிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிராத பிள்ளை என்றுதான் வளவில் பேர். வாய் திறந்தால் குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி கனமாக இருக்கும். அதனால்தான் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"அத்த, எங்க வீட்டுல நானும் அம்மையும் சனிக்கிழமைதானே எண்ணெய் தேய்க்கோம்? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகணும்னு. அப்ப நாங்க ஆம்பளையா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் ஏசுவடியான் குடும்பம் வந்த புதிதில் இதே கிணற்றடியில் இதே உலகம்மை, சனிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்த்தால் புருஷனுக்கு ஆகாது என்று ஒரு மாசம் ஆடித் தீர்த்தவள். ஏசுவடியான் இன்னும் சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"அது வேதக்காரங்க வழக்கம். இது வேற," என்றாள் உலகம்மை. எப்படி வேற என்று சொல்லவில்லை. வாளியை மட்டும் விட்டாள்.

சுகிர்தத்துக்கு மட்டும் மனசு சுத்தமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, போன மாசம் வடிவம்மாள் நாடாவை வைத்து அளவெடுத்தது ஞாபகம் வந்து உடம்பு கூசியது. ஏமாந்துவிட்டோமோ என்றிருந்தது. அதற்கு முன் இரண்டு வருஷம் கடைத்தெருவில் முறுக்கு மீசையோடு ஒரு தையல்காரர் அளவெடுத்தாரே, அப்போது கூசியதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. அவரை ஆம்பிளை என்று தெரிந்தே கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். பெண்ணாகவே பழகிய ஒருத்தியிடம் எதற்குக் கூசணும்? இதற்குப் பதில் அவள் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

சாயங்காலம் ரவிக்கை வாங்கப் போனாள்.

"ஏன் நீ இப்பல்லாம் பாடுதது இல்ல?" என்று வடிவம்மாள் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். "முந்தி சனிக்கிழமை ராகம் பழகுவியே. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் பாட்டுக்கு மெஷினை மெதுவா மிதிச்சிட்டுக் கேட்டுக்கிட்டிருப்பேன்."

"கோயில் பாடகர் குழுவுல என்னைய ஆம்பளைங்க வரிசையில நிப்பாட்டிட்டாங்க. அங்கதான் குரல் சேருதாம். எல்லாரும் சிரிச்சாங்க. பாடுததையே விட்டுட்டேன்."

வடிவம்மாளும் சிரித்தாள். ஆனால் அது வேறு சிரிப்பு. "எனக்கும் இதே குரல்தான். ஒனக்கு அது பாட்டு, எனக்கு அது பஞ்சாயத்து. குடுத்து வச்சவ நீ, பாடேன்."

சுகிர்தம் அன்றைக்குப் பாடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அம்மையிடம், "வடிவக்கா குத்தாலம் வரலைன்னா நானும் வரல" என்றாள்.

ஆடி இரண்டாம் வெள்ளி வளவே இரண்டு மாட்டுவண்டியில் கிளம்பியது. புளியோதரைப் பானை, எண்ணெய்ச் செம்பு, மாற்றுத்துணி மூட்டைகள். வடிவம்மாள் இரண்டாவது வண்டியில் கடைசியாக, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகம்மை முதல் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கண்காணிக்கணுமே. சாரல் சிணுசிணுவென்று விழுந்தது. மேலகரம் தாண்டுவதற்குள் மூட்டையெல்லாம் நனைந்தாயிற்று.

பேரருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கம்பித் தடுப்பு. தடுப்பருகே சங்கிலிப்பாண்டி என்கிற காவல்காரன் கம்பும் விசிலுமாக நின்றான். பெண்கள் பாறையில் உட்கார்ந்து ஒருத்தி தலையில் ஒருத்தி எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சுகிர்தத்தின் கணக்கில் எண்ணெய் நாள் இல்லை. ஆனாலும் பின்னலை அவிழ்த்துவிட்டு வடிவம்மாளின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "வச்சு விடுங்கக்கா."

அப்போதுதான் சிவகிரிப் பக்கமிருந்து வந்திருந்த கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள்: "ஏ, இது நம்ம ராயகிரி சொரிமுத்துல்லா! சேலையக் கட்டிக்கிட்டு பொம்பளைங்க பக்கம் வந்து நிக்கான் பாரு!"

விசில் ஊதிக்கொண்டு சங்கிலிப்பாண்டி வந்தான். "ஏலே, எந்திரி! அந்தப் பக்கம் போ!"

வடிவம்மாள் எழுந்துவிட்டாள். சண்டை போடவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தாள். கோமணமும் துண்டுமாக முந்நூறு ஆண்கள். அங்கே போகிறதற்கு அவள் செத்தே போகலாம். இங்கேயிருந்து போனால் நாளைக்கு வீடும் போகும். வளவே பார்த்துக்கொண்டு நின்றது.

"அவங்க எங்ககூட வந்தவங்க!" என்று ஒரு குரல் கேட்டது. அருவிச் சத்தத்துக்கு மேலே, கணீரென்று. சுகிர்தம்தான். அந்தக் குரலுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது அவளுக்கே அன்றுவரை தெரியாது.

சங்கிலிப்பாண்டி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ யாரு? ஒன் தொண்டையும் சரியில்லையே. நீயும் இவன் சோடியா? ரெண்டு பேரும் நடங்க அந்தப் பக்கம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுகிர்தம் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தாள். நான் பொம்பளைதான் என்று எதைக் காட்டிச் சொல்வது? பேரைச் சொல்லவா? அப்பா பேரைச் சொல்லவா? பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. பக்கத்தில் வடிவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கை, வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள்.

"ஏ கம்புக்காரா!"

உலகம்மை. ஈரச்சேலையை வரிந்து செருகிக்கொண்டு பாறையில் ஏறி வந்தாள். நாக்கு தடுமாறவில்லை.

"யாரைப் பாத்து என்ன பேசுத? தபால்காரர் மக அவ, நாளைக்கு டீச்சரம்மா. இந்தா நிக்காளே, இவ எங்க வளவுக்காரி. ஆறு மாசமா என் அடுப்படி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருக்கேன், ஒரு செவ்வாய் தப்புனதில்ல, ஒரு வெள்ளி தப்புனதில்ல, எண்ணெய் தேச்சு முழுகுதா. புதன்ல ஒரு நாள் தேச்சிருப்பாளா? சனியில? மழையிலயும் செவ்வாதான், காய்ச்சல்லயும் வெள்ளிதான். எந்த ஆம்பளை அப்படிச் செய்வான்? நீ செய்வியா? சொல்லு!"

சங்கிலிப்பாண்டிக்கு எண்ணெய்க் கணக்கில் இப்படி ஒரு சாட்சி வரும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. "அதுக்கில்ல ஆச்சி..." என்றான்.

"எவடா ஆச்சி? போய் அந்தப் பக்கம் நின்னு ஊது!"

போய்விட்டான். கத்திய சிவகிரிப் பெண்ணுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதை எழுத முடியாது. வீட்டுச் சங்கதியை உலகம்மை எட்டு வீதிக்குச் சொல்வாள். ஆனால் வெளியூர்க்காரி சொல்வதற்கு அவள் விடுவாளா? அது அவள் உரிமை.

பிறகு வடிவம்மாளைப் பார்த்து, "என்னத்த அழுத? தண்ணி குறையதுக்குள்ள வாட்டி. என் முதுகுல கை எட்டல, தேச்சு விடு" என்றாள்.

வடிவம்மாள் அழுதுகொண்டே தேய்த்துவிட்டாள். ஆவணி ஒண்ணாந்தேதி நாறும்பூநாதன் யாரையும் எதையும் கேட்கவில்லை. வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த மாசம் டிரெயினிங்கில் 'நான் நன்றி சொல்ல விரும்பும் ஒருவர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எல்லாரும் தாயையும் தலைவர்களையும் எழுதினார்கள். சுகிர்தம் எழுதியது இது:

"நான் பெண் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரியவில்லை, கண்ணாடி பார்த்தும் தெரியவில்லை. உள்ளே தெரியும், அவ்வளவுதான். குற்றாலத்தில் அரை நிமிஷம் அதை ஒருவர் நம்ப மறுத்தார். அந்த அரை நிமிஷம் எனக்கு மறக்காது. வடிவக்காவுக்குப் பிறந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான். அவர்களுக்கும் உள்ளே தெரிந்ததுதான். நான் சும்மா பெற்றுக்கொண்டதை அவர்கள் தினமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் என் குரலைப் பழிக்காமல், பாடு என்று சொன்ன முதல் ஆள் அவர்கள். அதற்கு நன்றி. எங்கள் உலகம்மை அத்தைக்கும் நன்றி. அவர்கள் எங்களை எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் எங்களுக்குச் சாட்சி யார்?"

ஆவுடையம்மாள் டீச்சர் இரண்டு தடவை படித்துவிட்டு, சிவப்பு மையில், 'எழுத்துப்பிழை நான்கு. திருத்திவிட்டு எனக்கு ஒரு பிரதி தரவும்' என்று எழுதினாராம். அந்தப் பிரதி எப்படியோ உலகம்மை கைக்கும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உலகம்மை தன் மகள் வள்ளித்தாயை வாசிக்கச் சொல்லி, கடைசி இரண்டு வரியை மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சுகிர்தம் ராகம் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வரிசையிலேயே நின்று பாடினாள். இந்தத் தடவை சிரித்தவர்கள் குறைவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அவளுக்குக் கீழப்பாவூரில் வேலை கிடைத்தது. அறுபத்துமூன்றில் அங்கே அவள் பாட்டுக்கு மயங்கிய தங்கசாமி வாத்தியாரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். கல்யாண ரவிக்கை வடிவம்மாள் தைத்தது; கூலி வாங்கவில்லை. வள்ளித்தாய் போலீஸ்காரன் ஒருவனுக்கு வாக்கப்பட்டு மதுரைக்குப் போனாள். அறுபத்தாறில் வடிவம்மாளும் செங்கோட்டைக்கு வீடு மாறினாள். டீத்தூள் வியாபாரம் பண்ணுகிற ஒரு மலையாளத்தார் கூட இருக்கிறார் என்று பேச்சு. கல்யாணமா, சும்மாவா என்று உலகம்மை நேரிலேயே போய்க் கேட்டாள். பதில் வாங்க முடியவில்லை. இரண்டு கிளாஸ் டீயும் ஒரு புது ரவிக்கையும்தான் வாங்க முடிந்தது.

திரும்பி வந்து கிணற்றடியில் வாளியை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "வீடு நல்ல வீடு. கிணறு கொல்லையில. அந்த மனுசன் மரியாதையான ஆளு. நான் போனது செவ்வாக்கிழமைலா, தலை நிறைய எண்ணெயோடதான் வந்து கதவைத் திறந்தா."